டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர்

எழுபதுகளின் கடைசியில், நெய்வேலியில் என் அண்ணனின் குவார்ட்டர்ஸில் நாங்கள் ஒண்டியிருந்தபோது நடந்தது இது. அண்ணன் மைன்ஸில் ஷிப்டு வேலை பார்த்தார். என் கணவர் பதினைந்து வருடம் மிலிட்டரியில் இருந்துவிட்டு, ஒரு கறுப்புத் தகரப் பெட்டியோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். கல்யாணமான ஆறு வருடத்தில் அவருடைய லீவு நாட்களை எல்லாம் கூட்டினால்கூட ஒரு வருடம் தேறாது. அதனால் அவரிடம் எதையும் கேட்க எனக்குக் கூச்சம். கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் வந்தது. சாப்பிடத் தனித் தட்டு, தனிக் குவளை. அதை யாரையும் கழுவ விடமாட்டார். வாரம் ஒருமுறை விடிந்ததும் கடலூர் பஸ் ஏறுவார். எங்கே என்று அண்ணன் கேட்டால், "ஒரு ஆபீஸுக்குப் போறேன்" என்பதோடு சரி. பட்டாளத்தை விட்டு வந்தவருக்குக் கடலூரில் என்ன ஆபீஸ்?

ஒருநாள் அவர் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. நான் அஞ்சாவது வரை படித்தவள். மேலே இருந்த ஆங்கில முத்திரை புரியவில்லை. கீழே தமிழில் இருந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் நேரில் வரவும்.' அந்த வார்த்தையை நான் கேட்டிருந்தது ஆஸ்பத்திரியில்தான். மகள் பிறந்தபோது, "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று நர்ஸ் சொன்னாள். அப்புறம் யோசிக்கவா வேண்டும்? ஏதோ ஒட்டுகிற வியாதி, நம்மிடம் மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மனசு தாங்காமல் அண்ணியிடம் மட்டும் சொன்னேன். மூன்று வயது மகளை அவர் பக்கம் விடவில்லை. அவர் கை நீட்டினால், தலை வாரணும் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு பகலில் மீசைக்காரர் ஒருவர் ஃபைலோடு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்றுதான் எனக்குப் பட்டது. இல்லை. மிலிட்டரியிலிருந்து வந்தவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியதில், மைன்ஸ் காவல் வேலைக்கு என் கணவர் பெயர் வந்திருக்கிறதாம். ஆள் எப்படி என்று விசாரிக்க வந்தாராம். வேலையென்றால் பர்மனென்ட், எங்களுக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே மனுஷன்! அவரோ வீட்டில் இல்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. "காவலெல்லாம் எங்க நாத்தனா வீட்டுக்காரரால முடியுமாங்க? பாவம், வியாதிக்காரரு. டிஸ்சார்ஜ் பண்ணிதானே அனுப்பிச்சாங்க" என்றாள்.

வந்தவர் பேனாவை நிறுத்தினார். "யாருங்க சொன்னது?"

"கட்டுனவளே சொன்னா. தோ, கதவுக்குப் பின்னால நின்னுகினு இருக்கா பாருங்க."

என் வாயாலேயே வேலையைக் கெடுத்துவிட்டேன். வந்தவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்க, பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "கேரக்டர், எக்ஸம்ப்ளரி" என்று சத்தமாகப் படித்தார்.

முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன். "அது ரொம்ப முத்துன வியாதிங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் ஃபைல் கீழே விழுந்தது. "ஏம்மா, நானும் டிஸ்சார்ஜ் ஆனவன்தான். பட்டாளத்த வுட்டு வந்தா அதுக்குப் பேரு அதான். இது நல்ல நடத்தைக்குக் குடுக்கிறதுலயே பெரிய பேரு. வியாதின்னே வெச்சிக்க, எல்லாருக்கும் வராது."

"தட்டைத் தொட வுடலீங்களே?"

"அங்க அவனவன் தட்ட அவனவன்தான் கழுவணும்."

"அப்ப கடலூரு?" நான் விடவில்லை.

"மிலிட்டரிக்காரங்களுக்கு வேலைக்குப் பேரு பதியற ஆபீஸும்மா. உன் சந்தேகத்துக்கு உன்னத்தான் காவலுக்கு எடுக்கணும்."

சாயங்காலம் என் கணவர் வந்ததும் மகளைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தேன். தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"சண்டையில நான் பாத்ததெல்லாம் மூஞ்சில தெரியுதோ, அதான் புள்ளைய கிட்ட வுடமாட்டேங்கிறியோன்னு நெனச்சேன்" என்றார்.

வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. வியாதிக் கதையைச் சொல்லி அண்ணி பல வருடம் சிரித்தாள், நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அந்த மூன்று மாதமும் ஆளுக்கொரு சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்காமலே சுமந்தோமே, அதில் அவர் சுமந்ததுதான் கனமானது என்பது, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.