மட்சுவே கோட்டையும் வாரிசில்லாத பிரபுக்களும்

ஒக்டோபர், வியாழன், பிற்பகல் ஒரு மணி. டோர்வல் விமான நிலையத்தில், மற்றவர்கள் இறங்கிப் போன விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்பவன் நான். அன்று மனைவி ஜெசிந்தாவுடன் விடுமுறைக்குப் போகும் பயணியாக ஏறினேன். அமர்ந்ததும், முன்னிருக்கைப் பையில் குப்பை கிடக்கிறதா என்று கை தானாகத் துழாவியது. தோக்கியோவுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். இருவருமே உறங்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெசிந்தா எங்கள் நகரின் வில்லரேப் பகுதியில், கார்டரி என்கிற பகல்நேரக் காப்பகமொன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தத்தெடுப்போம் என்று மூன்று வருடமாகக் கேட்டாள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேனே தவிர, பேந்து பார்ப்போம் என்று நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். புறப்படுவதற்கு முதல் வாரம் தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள். திரும்பி வந்து பதில் சொல்வதாகச் சொன்னோம்.

சனி. தோக்கியோவிலிருந்து ஒகயாமாவுக்கு அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மலைகளுக்கிடையே இன்னொரு ரயிலில் இரண்டரை மணி நேரம். மட்சுவேயில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

கோட்டை கறுப்புப் பலகைகள் அடித்த மரக்கட்டடம். வெளியே ஐந்து அடுக்கு, உள்ளே ஆறு மாடி. வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். ஈரக் காலுறையோடு, ஏணி போல நிமிர்ந்த படிகளில் ஏறினோம். கூட வந்த வழிகாட்டி எழுபது தாண்டியவர். அவருக்கும் மூச்சு வாங்கியது. மாடிக்கு மாடி நின்று, நிதானமான ஆங்கிலத்தில் கதை சொன்னார்.

கோட்டையைக் கட்டிய பிரபு அது முடிகிற காலத்தில் இறந்துபோனார். அவருடைய மகன் அதற்கு முன்பே இறந்துவிட்டான். பேரன் ஆண்டான். அவனுக்கு ஆண் வாரிசு இல்லை, அந்தக் குடும்பம் அத்தோடு போயிற்று. அடுத்து வந்த பிரபுவும் சில வருடங்களில் வாரிசின்றி இறந்தார். மூன்றாவதாக வந்த குடும்பம்தான் பத்துத் தலைமுறை ஆண்டது.

கடைசிப் பிரபு வேறு ஊரில் பிறந்தவர், தத்து வந்தவர் என்றார் வழிகாட்டி. பிரபுக்களின் ஆட்சி ஒழிந்த பிறகு கோட்டையை இடித்து விற்கப் பார்த்தார்களாம். ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து இந்த ஒரு கட்டடத்தை மீட்டார்கள்.

தத்து வந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டதா என்று கேட்டேன். வழிகாட்டிக்குக் கேள்வி விளங்கவில்லை. அவர்தான் பிரபு, என்றார்.

ஆறாம் மாடி நான்கு பக்கமும் திறந்திருந்தது. தூரத்தில் ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஜெசிந்தா தூணில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லுவம்."

அவள் ஏரியைத்தான் பார்த்தாள்.

"எனக்குக் களைச்சுப் போச்சு. மூண்டு வருசம் நான் தனியக் கேட்டனான். இப்ப ஒரு கிழவர் கதை சொன்ன உடன உங்களுக்கு ஆசை வந்திட்டுது. என்னால ஏலாது."

படிகளில் பின்புறமாக இறங்கினோம், ஏறியதைவிட மெதுவாக. அதன் பிறகு கழிந்த நான்கு நாட்களிலும் சாப்பாடு, ரயில் நேரம், மழை இவற்றைப் பற்றி மட்டுமே கதைத்தோம்.

வியாழன் மாலை டோர்வலில் இறங்கினோம். மட்சுவே தெருக்களில் ஓர் உரத்த குரல்கூடக் கேட்கவில்லை. இங்கே விமான நிலையத்திலிருந்து வரும் 747ஆம் இலக்கப் பேருந்தில் நாலு மொழியில் சத்தம், நிற்க இடமில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

திங்கள் காலை, வேலைக்குப் போகுமுன் அலுவலகத்தை நானே அழைத்தேன். எங்களுக்கு விருப்பம் என்றும், மனைவி களைத்திருக்கிறாள், இரண்டு வாரம் வேண்டும் என்றும் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெசிந்தா குசினி வாசலில் மேலங்கியோடு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். சப்பாத்தை மாட்டி, கதவைத் திறந்தபிறகுதான் பேசினாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியுமாம். நீங்கள் இருபது வருசமா பொன்ஜூர், மெர்சி எண்ட ரெண்டு சொல்லோட நிக்கிறியள். முதல்ல அதைப் படியுங்கோ."

செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்பு. பதிந்துவிட்டேன்.