ஆளுக்கொரு மைக்

பாலிடெக்னிக் முடித்து வரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் படித்தது ரேடியோ தொழில்நுட்பம். வேலை பார்த்தது காஞ்சிபுரத்தில் பேர்பெற்ற ஒரு கிடார் குழுவில்; மூன்று வருஷம், ஆம்ப்ளிஃபயர் பொறுப்பு. அந்தக் கடைசி நிகழ்ச்சியை நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

குழு என்றால் இரண்டு பேர்: பாடகர் ஏகாம்பரம், கிடார் வாசித்தபடி கூடப் பாடும் வரதன். ஒரே தறியில், உடலோடு கரையைத் தனி நாடாவால் கோர்க்கும் கோர்வைப் புடவை நெய்து வளர்ந்தவர்கள்; ஒரு கரைக்கு ஒருவர். பாட்டும் அப்படியே. ஒருவர் வரியைத் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். மேடையில் ஒரே மைக், தோளோடு தோள்.

வரதனின் தங்கை கமலாவைத்தான் ஏகாம்பரம் கட்டியிருந்தார். மாமியார் சண்டையில் கமலா தாய்வீடு வந்துவிட, மச்சான்கள் பேச்சை நிறுத்தினார்கள். "ஏம்மா, சுருதி கம்மியா இருக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்வார் ஒருவர், பக்கத்திலேயே நிற்பவரைப் பற்றி.

ஒரு கல்யாண வரவேற்பில் ஆளுக்கொரு மைக் கேட்டார்கள், மேடையின் இரு கோடியில். ஸ்பீக்கர் சபையைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவு தள்ளி நின்றால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது என்றேன். மதிக்கவில்லை. முதல் பாட்டிலேயே தாளம் பிரிந்தது. சபையிலிருந்து கேலி விசில் பறந்தது. ஜாக், ஒயர், ஃப்யூஸ் எல்லாம் பார்த்தேன். சரியாக இருந்தன.

அப்போது ஏகாம்பரம் மைக்கில் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க. மைக் செட் பாக்கற பொண்ணு புதுசு."

ஊரே உட்கார்ந்திருந்தது. அந்த வார்த்தை நிலைத்தால் ஒரு ரேடியோவைக்கூட யாரும் என்னை நம்பித் தரமாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். மேடையேறி ஒரு மைக்கைக் கழற்றினேன், மற்றதை நடுவில் நிறுத்தினேன்.

"மிஷின்ல கோளாறு இல்லன்னு சொல்லுங்கண்ணா. அப்பதான் ஆன் பண்ணுவேன்."

"எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க, போய் உக்காரும்மா."

"பாக்கட்டும். அவங்க முன்னாடிதான சொன்னீங்க?"

வரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏகாம்பரம் அவர் பக்கம் திரும்பி, "நீ என்னாத்துக்கு சிரிக்கிற?" என்றார். மாதக்கணக்கில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. பிறகு என்னைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். ஆன் செய்தேன். "மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க மேலதான் தப்பு" என்றார். வேறு வழியில்லாமல் ஒட்டி நின்று பாடினார்கள். அதன்பின் விசில் இல்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொல்ல. நெடுநாளைக்குப் பின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

நான் கற்றது இது: உங்கள் வேலையைப் பற்றி யார் முன்னால் பொய் சொன்னார்களோ, அவர்கள் முன்னாலேயே அதைத் திருத்தச் சொல்லுங்கள். வேலை போகலாம், எனக்குப் போயிற்று. அடுத்த வாரம் அந்தக் கல்யாண வீட்டார் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என் வீடு தேடி வந்தார்கள்.