பத்துப் புள்ளி பிடிக்கும் பக்கம்

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திண்டிவனம் வரும்வரை எங்களுக்கு ஒரே விளையாட்டுதான். நானும் கூட வரும் நண்பரும் திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் கணிதம் நடத்தினோம். என் வேலை நிரந்தரம். அவர் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் வந்தால்தான் அவருக்கு வேலை நிலைக்கும். ஆய்வேட்டைக் கொடுக்கவும் அதுவே கடைசி ஆண்டு.

முந்தைய மாலையே டைரியின் ஒரு பக்கத்தில் இரண்டு படம் வரைந்துவிடுவேன். ஒவ்வொன்றிலும் பத்துப் புள்ளி. எந்த இரண்டு புள்ளிக்கும் இடையே நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் கோடு; பூ விழுந்தால் கோடு இல்லை. ரயிலில் அவர் ஏதாவது ஒரு படத்தில் ஒரு புள்ளியைத் தொடுவார். மற்றதில் ஈடான புள்ளியை நான் தொட வேண்டும். தொட்ட புள்ளிகளுக்கு இடையே இங்கே கோடு இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும், இங்கே இல்லாவிட்டால் அங்கேயும் இருக்கக் கூடாது. பிசகினால் இரண்டு படமும் வேறு என்று ஆகி, நான் தோற்றுவிடுவேன். அவருடைய ஆய்வும் இதுதான். ‘இப்படி ஒரு புள்ளி உண்டு’, ‘எல்லாப் புள்ளிக்கும்’ என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தர்க்க வாக்கியத்தால் இரண்டு படங்களைப் பிரித்துக் காட்டுவது. எத்தனை அடுக்கோ அத்தனை தொடல்.

மூன்றாவது தொடலுக்குள் நான் தோற்காத நாள் இல்லை.

“ஜல்தியா வைங்க சார், மயிலம் தாண்டிடுச்சி. எங்க வச்சாலும் மாட்டிக்குவீங்க” என்பார்.

இப்படி வரைந்த படம் எவ்வளவு பெரிதானாலும் மூன்று அடுக்கு போதும் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதி, என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். நிரூபணத்தில் ஒரு படி எனக்குப் பிடிபடவில்லை. டைரியைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் ஆட்டம் மூன்று தொடலுக்குள் முடிந்திருந்தது. ஓரத்தில் ‘சரி’ என்று குறித்தேன்.

ஆய்வேடு திரும்பி வந்தது. புள்ளிகள் பெருகினால் எல்லா வகைப் புள்ளியும் இரண்டு படத்திலும் கிடைத்துவிடும், மூன்று தொடலில் பிரிக்க முடியாது, இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம் என்று தேர்வாளர் எழுதியிருந்தார். திருத்தி எழுத அவகாசம் இல்லை.

அன்று மாலை ரயிலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் டைரியை வாங்கி, விக்கிரவாண்டி வரை புரட்டினார்.

“உங்க பக்கத்துல பத்து புள்ளிதான் சார் புடிக்கும். நானும் அதையே பாத்துக்கினு இருந்துட்டேன்.”

அந்தக் கல்வியாண்டோடு அவர் வேலை முடிந்தது. இப்போது வளவனூரில் ஒரு பள்ளிக்கு பஸ்ஸில் போகிறார்.

அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு சார்ட் தாள் வாங்கி, தாளுக்கு அறுபது புள்ளி வைத்தேன். ஒரு தாளுக்கு ஆயிரத்து எழுநூற்று எழுபது முறை நாணயம் சுண்டினேன். பதினோரு நாள் ஆயிற்று. பிறகு அவர் வழக்கமாகத் தொடங்குவதுபோல, கோடுகள் அதிகமுள்ள புள்ளியில் தொடங்கி, அவருக்காகவும் நானே தொட்டேன். மூன்று தொடலிலும் எங்கே தொட்டாலும் எதிர்த் தாளில் ஈடான புள்ளி இருந்தது. ஒருமுறைகூட நான் மாட்டிக்கொள்ளவில்லை.