ஜொயின் என்ற சொல்லும் ஒரு சஹன் சோறும்

பலவற்றை ஒன்றாக்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் என்று யாராவது கேட்டால், ஓய்வு பெற்ற இந்த வாத்தியாருக்குக் கை துருதுருக்கும். மருதமுனையில் என்னிடம் ஒன்பது பெண்கள் படிக்கிறார்கள். கணவர்மார் லண்டனில். விசா கிடைக்க இவர்கள் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும்.

அன்று பலகையில் மிக்ஸ், அற்றாச், மேர்ஜ், ஜொயின் என்று எழுதினேன். சீமெந்தையும் மணலையும் குழைத்தால் மிக்ஸ். விண்ணப்பத்தில் படத்தைக் குத்தினால் அற்றாச், வேண்டாமென்றால் கழற்றலாம். இரண்டு கடை ஒரே கடையானால் மேர்ஜ். பழைய பெயர்ப்பலகைகளை மறந்துவிட வேண்டியதுதான். "ஜொயின் அப்படியில்ல. அங்க ஏற்கனவே ஆள் இரிக்கணும். நீங்க போய்ச் சேருறீங்க" என்றேன்.

"அப்ப அவங்க நமக்கு இடம் வெச்சிரிக்கணும், என்ன சேர்?" என்றாள் ஒருத்தி.

"ஓம், வெச்சிரிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பலகையை அழித்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குரியது. சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். மகளின் கலியாணத்தோடு அதை அவள் பெயருக்கு எழுதினோம். மருமகனும் வந்து சேர்ந்தார். மனைவி மௌத்தாகி, அடக்கி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், இந்த வீட்டில் இனி நான் யார் என்று ஒரு கேள்வி எனக்குள் வந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ரோஷக்காரனுக்கு அதுதான் பெரிய கஷ்டம். சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது இருந்திருப்பேன்.

உடுக்க இரண்டு சாரத்தையும் அகராதியையும் பையில் வைத்துக்கொண்டு மருதமுனைக்கு, தங்கச்சி வீட்டுக்கு, வந்துவிட்டேன். அது நான் பிறந்த வீடு. ஆனால் இப்போது அவளுடைய வீடு. என்னைக் கண்டால் அவள் கணவர் கதிரையை விட்டு எழும்புகிறார். தேநீருக்குச் சீனி எத்தனை கரண்டி என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். மகள் தொலைபேசியில் "எப்ப வாறீங்க வாப்பா?" என்பாள். "வகுப்பு இரிக்கும்மா" என்பேன். வகுப்பு கிழமையில் இரண்டு நாள்தான்.

சென்ற மாதம் கல்முனைக்குடியில் என்னோடு படிப்பித்த ஒருவரின் மகனுக்கு வலீமா, கலியாண விருந்து. பகல் சாப்பாடு. ஒரு சஹன் என்றால் பெரிய தட்டு நிறையச் சோறும் இறைச்சியும். ஐந்து பேர் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஐந்து பேர் சேரும் வரை மூடியைத் திறக்க மாட்டோம். மருமகனுக்கும் அழைப்பு உண்டென்று தெரியும். அவர் தன் சகோதரர்களோடு வந்து, ஐந்து பேரும் சரியாக இருந்துவிட்டால்? ஆறாவது ஆளாகப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட என்னால் முடியாது. அந்தப் பயத்தில் நேரத்தோடே போனேன்.

"காக்கா, இஞ்ச ஒராள் குறையுது, வாங்க!" என்று யாரோ நான்கு பேர் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். கை கழுவி, பிஸ்மி சொல்லி, சோற்றில் கை வைத்தேன்.

அப்போதுதான் வாசல் பக்கம் மருமகனைக் கண்டேன். அவரும் மூன்று சகோதரர்களும் ஒரு சஹனைச் சுற்றி இருந்தார்கள். பரிமாறுகிறவர் யாரோ ஒருவரை அங்கே அழைத்துக்கொண்டு வந்தார். மருமகன் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. மாமா வருவார்."

இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். "மாமா வருவாரெண்டு சொல்றன்தானே!" என்று இந்த முறை சத்தமாகவே சொன்னார்.

சஹனில் கை வைத்தவன் மற்றவர்கள் முடிக்கும் முன் எழும்புவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. இருந்த இடத்திலிருந்தே அவரைக் கூப்பிட்டிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் அதற்கு எந்த மொழியில் என்ன பெயரோ, எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் என்னைக் கண்டார். மூடியிலிருந்து கையை எடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர் என் இடத்தில் உட்கார்ந்தார்.

கை கழுவும் இடத்தில் மருமகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்காகத்தான் மாமா பாத்துக்கிட்டு இருந்தம்."

"கண்டன் மகன்."

"உங்கட அறைய அவ அப்படியே வெச்சிரிக்கா. எப்ப வாறீங்க?"

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வகுப்பு இரிக்கி மகன்" என்றேன்.

மகள் வீடு தெற்கே. மோட்டார் சைக்கிளை வடக்கே திருப்பி மருதமுனைக்கு வந்தேன். தங்கச்சியின் கணவர் கதிரையை விட்டு எழும்பினார். தங்கச்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள்.