க்ளெனிஸின் மூக்கு

ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊரான எங்கள் பரோசாவில் ஒயினே பிடிக்காது என்று சொல்பவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். போட்டி ஊரான கூனவாராவின் ஒயின்தான் பிடிக்கும் என்று சொன்னால் அவ்வளவுதான். க்ளெனிஸ் ராட்கேவும் அப்படிப்பட்ட பரோசாக்காரிதான். லீத்தின் ஒயின் ஆலைக்கு வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுக்கும் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் நின்றவள். "எங்க ஷிராஸ்தான் ஒயின், மத்த ஊருதெல்லாம் இருமல் மருந்து" என்று மெல்போர்னிலிருந்து வருகிறவர்களின் முகத்துக்கு நேரே சொல்வாள். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டி வாங்கிப் போவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வெர்னா, அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னறையில் கிளாஸ் கழுவுகிறவள். ஒருநாள் காலை உள்ளே நுழைந்தால் அறை முழுக்க கேஸ் நாற்றம். இவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாகத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போட்ட கூச்சலில்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

"லீத்கிட்ட சொல்லிடாத, வெர்னா. மூக்கில்லாதவளைக் கவுன்ட்டர்ல எதுக்கு வெச்சிருப்பான்?"

"கெட்டுப்போன பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்ப?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அப்படி ஆரம்பித்தது. புது பாட்டில்கள் திருகு மூடி போட்டவை, அவற்றால் தொல்லை இல்லை. கார்க் அடைத்த பழைய பாட்டில்களில்தான் இருபதுக்கு ஒன்று கார்க்கால் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறும். நான் பின்னறையில் மோந்து பார்த்து, நல்லதை மட்டும் முன்னால் அனுப்புவேன். அவள் மனப்பாடமாக மிளகு வாசனை, சாக்லேட் வாசனை என்று அளப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மோப்பம் என்னுடையது, பாராட்டு அவளுக்கு. என்றாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

மூக்கு போனபின் எங்கள் ஊர் ஷிராஸ் அவளுக்கு வெறும் சூடான சர்க்கரைத் தண்ணீராகிவிட்டது. பயந்துபோய், ஒவ்வொரு பகுதியின் சிவப்பு ஒயினாக வாங்கி வந்து தன் சமையலறை மேஜையில் வைத்து நாக்கால் படிக்க ஆரம்பித்தாள். மெக்லாரன் வேல் மெத்தென்று இறங்குகிறது என்றாள். மார்கரெட் ரிவர் பல்லில் மாவு தடவின மாதிரி இருக்கிறதாம். ஹீத்கோட் கனம், ஆனால் சீக்கிரம் கலைந்துவிடும். ஒருநாள் கூனவாராவின் கபர்னே என்ற சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்தவள் அப்படியே நின்றாள். ஈறைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறவைக்கும் ஒயின் அது.

"இது எனக்குத் தெரியுது, வெர்னா. இதுல ஏதோ இருக்குன்னு தெரியுது" என்று சொல்லி அழுதாள். பரோசாக்காரி கூனவாராவுக்கு அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில், அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தீயணைப்புப் படைக் கொட்டகையில் வருஷா வருஷம் நடக்கும் போட்டி. பாட்டிலைக் காகிதப் பையில் மறைத்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். "இந்த ஊரா, அந்த ஊரா?" என்று கேட்பார்கள். தப்பாகச் சொன்னவர் உட்காரவேண்டும், கடைசிவரை நிற்பவருக்குக் கோப்பை. நாலு வருஷமாகக் கோப்பை க்ளெனிஸிடம்தான். போன வருஷம் தப்பித்தது போதும், இந்த வருஷம் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிடு என்று கெஞ்சினேன்.

"போகலேன்னாதான் சந்தேகப்படுவான்" என்றாள்.

கேள்வி கேட்டவன் லீத்தே. கெட்டதைக் கண்டுபிடிப்பேனே தவிர எனக்கு ஊர் சொல்ல வராது, இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளோ ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி நடித்தாள், பிறகு நாக்கில் உருட்டினாள், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கடைசியில் நின்றது அவளும் டிராக்டர் மெக்கானிக் டாரிலும்.

லீத் கடைசிப் பாட்டிலைப் பையோடு தூக்கிக் காட்டினான். "இது என் கல்யாண வருஷத்துது. இருபத்தெட்டு வருஷம் படுக்கவெச்சிருந்தேன்."

அப்படியென்றால் கார்க் அடைத்த பாட்டில்! பேசிக்கொண்டே திறந்தான், மோந்து பார்க்காமலே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். நனைந்த அட்டைப்பெட்டி. இருமினேன், கிளாஸால் மேஜையைத் தட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிலும் மூக்குகள் சுருங்கின. கல்யாண வருஷத்து ஒயின் என்பதால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"பரோசாவா, கூனவாராவா?"

டாரில் தலையைச் சொறிந்தான். "எதையோ சொல்லணுமே... பரோசா."

க்ளெனிஸ் வழக்கம்போல ரொம்ப நேரம் மோந்தாள். குடித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கூனவாரா. லீத், இன்னைக்குக் குடிச்சதுலயே இதுதான் உசத்தி."

லீத் சிரித்தபடி தன் கிளாஸை எடுத்தான். மூக்கருகே போனதும் சிரிப்பு நின்றது.

"பதில் சரிதான்" என்றான். ஒருவரும் கைதட்டவில்லை. "இன்னொரு தரம் மோந்து பாரு, க்ளெனிஸ்."

அவள் மோந்தாள். "கறுப்புத் திராட்சை... லேசா புதினா..."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?" லீத் மெதுவாகத்தான் கேட்டான். சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும்.

"ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமா என் கவுன்ட்டர்லேர்ந்து கெட்ட பாட்டிலா போயிருக்கு?"

"ஒண்ணுகூடப் போகலை. எல்லாத்தையும் வெர்னா மோந்து பார்த்துத்தான் அனுப்பினா."

போட்டுக்கொடுத்துவிட்டாள் பாவி! எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. கொட்டகை மொத்தமும் என்னைப் பார்த்தது.

"ஆமா, லீத். நான்தான். நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்றேன்.

லீத் என்னைக் கவனிக்கவே இல்லை. "நாளையிலேர்ந்து உன்னைக் கவுன்ட்டர்ல நிறுத்த முடியாது, க்ளெனிஸ். தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். அவளை நிறுத்து. ரெண்டு வருஷத்துல ஒரு தப்புப் பண்ணலை. கிளாஸ் கழுவுறவளுக்கு என்ன தெரியும்னு நீ யோசிப்பேன்னுதான் இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

க்ளெனிஸ் நேராக மேஜைக்குப் போய், பையை உருவிப் போட்டுவிட்டு, அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"இது எப்படி நாறுதுன்னு யாராவது சொல்லுங்களேன்."

நான்தான் சொன்னேன். "நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி, க்ளெனிஸ். மழையில ஒரு வாரம் கிடந்த மாதிரி."

"அப்படியா?" என்று மிச்சத்தையெல்லாம் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டாள். "அப்போ இதை நீங்க யாரும் குடிக்கப்போறதில்லைல்ல?"