நட்டநடுவில் பீரோ

எண்பதுகளின் தொடக்கத்தில் வேங்கிக்காலில் நான் கட்டிய வீட்டில் ஒரு சுவர்கூட நேராக இல்லை. கொத்தனார் குடித்துவிட்டுக் கட்டினார் என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. பாவம், அவர் டீயைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. ஓசியில் பிளான் வாங்கியது நான்.

வரைந்து கொடுத்தவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்து ஊரே வலம் வரும் மலையின் அடிவாரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர். சொந்த நாட்டில் முந்நூறு வருஷத்துப் பழைய தேவாலயங்களைப் புதுப்பித்தவர். பரோக் என்பார்கள் அந்தப் பாணியை. சுவர் அலைபோல வளையும், கூரையில் மேகம் புரளும், சும்மா கிடக்கும் இடமே இருக்காது. எங்கள் கோயிலின் பெரிய கோபுரத்தை முதலில் பார்த்த அன்று, "எங்க ஆளுங்க கட்டின மாதிரியே இருக்கு" என்று எதிரிலேயே உட்கார்ந்தவர்தான், ஊர் திரும்பவே இல்லை. கொத்தனார்களிடம் தமிழ் கற்றார். நேர்கோட்டைக் கண்டால் மட்டும் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

கிரகப்பிரவேசத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் மாட்டுவண்டியில் சீர் பீரோவோடு வந்து இறங்கினார். கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. எந்தச் சுவரோரம் நிறுத்தினாலும் பின்னால் சந்து விழுந்தது. மாமனார் அதற்குள் கையை விட்டார், தோள்வரை போயிற்று.

"இன்னா மாப்ள, பூனை குட்டி போடறதுக்கா எடம் வுட்டுக்கீறீங்க?"

"காத்தோட்டம், மாமா."

"பீரோ நிக்க எடமில்லாத வூட்ல என் பொண்ணு எங்க நிப்பா? ரெண்டையும் வண்டியில ஏத்துங்கடா!"

"நான் ஏறமாட்டேன்பா" என்றாள் மனைவி. என் நெஞ்சு நிமிர்ந்தது. "பீரோவும் ஏறாது. இவரு வேணா ஏறட்டும்."

விருந்துக்கு வந்திருந்த கலைஞர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக் கூடத்தை அளந்தார்.

"செவுரு எதுக்கு? நடுவுல வைங்க."

நால்வர் சேர்ந்து நட்டநடுவில் நிறுத்தினார்கள்.

"முதுகு தெரியுதே!" என்றார் மாமனார்.

கலைஞர் சைக்கிளில் போய்ப் பெயின்ட் டப்பாக்களோடு திரும்பினார். சாயங்காலத்துக்குள் பீரோவின் முதுகில் பொன்மேகம் திரண்டது; நடுவே இறக்கை முளைத்த இரண்டு கொழுகொழு குழந்தைகள். மாமனார் வெகுநேரம் பார்த்தார். மெல்ல ஒரு கன்னத்தைத் தொட்டார்.

"பேரப்பசங்களா?"

"ஆமாங்க. ரெக்கை அப்புறம் வுழுந்துடும்."

விரலில் ஒட்டிய பெயின்ட்டைத் துடைக்காமலே மாமனார் வண்டியேறினார். பீரோவும் பெண்ணும் இங்கேயே இருந்தார்கள். என்னையும் இருக்க விட்டார்கள்.

அதன்பிறகு சமையலறைக்குப் போக பீரோவைச் சுற்றித்தான் வழி. மாமனார் எப்போது வந்தாலும் செருப்பை வாசலில் விட்டு, பீரோவை வலம் வந்துதான் உட்காருவார். ஒருநாள் நான் காபி அவசரத்தில் எதிர்ப்பக்கமாகப் போய்விட்டேன்.

"மாப்ள!" என்று அதட்டினார். "மலைய அப்படித்தான் சுத்துவீங்களா? திரும்பி வாங்க."

திரும்பி வந்து, சரியாகச் சுற்றிப் போனேன். காபி ஆறிப்போயிருந்தது.