எதிர்வீட்டு மாமி எடுத்த படகு டிக்கெட்

அணையில் படகு சவாரி போகலாம் என்று எதிர்வீட்டு மாமி சொன்னதும் சரி என்றுவிட்டேன். கணவர் இறந்த பிறகு என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை பாராயணத்துக்குப் போவேன், வருவேன். மற்ற நாட்களில் டிவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாராயணப் பெண்கள் எல்லோருக்கும் எதிர்வீட்டு மாமியே ஆன்லைனில் டிக்கெட் எடுத்தாள். "வயசு மட்டும் சொல்லுங்கோ மாமி, பாக்கியை நான் போட்டுக்கறேன்" என்றாள். சொன்னேன். என் பெயர் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

படகுத்துறை வாசலில் டிக்கெட்டையும் ஆதாரையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். என்னுடைய இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருப்பதைப் பார்த்த ஊழியர் நிமிர்ந்தார்.

"இது வேறெ ஆளல்லே, அம்மே?"

எதிர்வீட்டு மாமி ஆதாரைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயோ, இது உங்க மாமியார் பேராச்சே! அவா கார்டை எடுத்துண்டு வந்துட்டேளா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"போட்டோவைப் பாருங்கோ. செத்துப் போனவளுக்கு என் மூஞ்சியா இருக்கு?" என்றேன்.

விஷயம் இதுதான். எனக்கும் மாமியாருக்கும் ஒரே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மாட்டுப்பெண்ணை எப்படி அதட்டுவது? அதனால் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த அன்றே கரமனை வீட்டில் எனக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. தெருவுக்கும் அதுவே என் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயர் கார்டுகளில் மட்டும் கிடந்தது. வாராவாரம் அம்பாளுக்கு ஆயிரம் பெயர் சொல்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன பெயர் என்று இவர்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

இரண்டும் ஒரே ஆள்தான், எங்களுக்குத் தெரியும் என்று எதிர்வீட்டு மாமி ஊழியரிடம் மலையாளத்தில் மல்லுக்கு நின்றாள். "ரெண்டும் ஒராளாணு. ஞங்ஙள்க்கு அறியாம்."

"இத்ர நேரம் நிங்ஙள்க்கும் அறியில்லாயிருந்நல்லோ" என்றார் அவர்.

உங்களுக்கே இப்போதுதானே தெரிந்தது என்று கேட்டுவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார். அதற்குள் படகுக்காரர் விசில் அடித்தார். ஒருத்தியாவது என்னோடு நின்றுகொள்வாள் என்று நினைத்தேன்.

"பெஞ்சுல உக்காந்துக்கோங்கோ மாமி, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம். பையெல்லாம் பார்த்துக்கோங்கோ, கேட்டேளா" என்று எதிர்வீட்டு மாமி சொன்னாள். எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்களுடைய பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஒரு பையிலிருந்து புளியோதரை வாசனை வந்தது. குரங்கு ஒன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. தின்னட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. ஆனாலும் விரட்டினேன்.

யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். திரும்பினால், அந்த ஊழியர் என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி. அம்மா போன பிறகு அந்தப் பெயரை ஒரு வாய் சொல்லிக் கேட்டதே இல்லை. என்னைத்தான் என்று எனக்கே உறைக்கவில்லை.

அடுத்த படகில் இடம் இருக்கிறது, ஆதாரில் உள்ளபடி புது டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பைகளைக் கவுன்டருக்கு உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்.

படகில் ஏதோ ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்து இருக்கை காலி. தண்ணீர், மலை, மேகம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. "அதோ பாருங்கோ" என்று சொல்ல ஆள் இல்லை.

பாதி வழியில் எங்கள் தெருக்காரர்களின் படகு எதிரே திரும்பி வந்தது. எதிர்வீட்டு மாமி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து நின்று, கரமனை வீட்டில் எனக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கத்தினாள். உட்காரச் சொல்லிப் படகுக்காரர் அவளை அதட்டினார். மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. கத்தட்டும், அந்தப் பெயரில் இந்தப் படகில் யாரும் ஏறவில்லை.

அவர்கள் படகு எங்களைக் கடந்து போனது. சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நின்றுவிடும். நாளைக்கு விடிந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இவர்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திரும்பிக் கையைத் தூக்கினேன்.